மனுவைத் திரும்பப் பெறுகிறேன்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும்: கட்டிலில் என் மாமனார் வெள்ளையன். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய அண்ணன் மூக்கன். எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் எந்தக் கூட்டம் நடந்தாலும் கைப்பிடி உள்ள நாற்காலி அவருக்குத்தான். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலியில், சேலத்திலிருந்து வந்த ஐயாக்கண்ணு. அவர் காலடியில் பாட்டில்கள் நிறைந்த தோள்பை. வாசற்படியில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, என் கணவர் விஜயகுமார். ஷேர் ஜீப் ஓட்டுகிறவர், யாரோடும் பகைத்துக்கொள்ள முடியாத தொழில். அடுப்பருகே பலாச்சுளை உரித்தபடி மாமியார் கண்ணம்மாள். கட்டிலுக்கு அடியில் என் மகள் மோனிஷா, ஐந்தரை வயது; காப்பிக்கொட்டைகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். என் மடியில் மகன் பிரவீன், பத்து மாதம். நான் மிளகு மூட்டையின் மேல். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் எழுதும் அட்டை என் முழங்காலில் இருந்தது. எழுதப்போகிறவள் நின்றுகொண்டு எழுத முடியாது என்ற அளவுக்கு எல்லாருக்கும் விவரம் இருந்தது.

கதவுக்கு வெளியே பதின்மூன்று வீட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். கையெழுத்துப் போடுவதற்கு உட்கார வேண்டியதில்லை.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. மறுநாள் திங்கள், கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். எங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் பவித்ராவை மாற்ற வேண்டும், இனி அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு ஊசி போடக்கூடாது என்று மனு. அதை நான் எழுத வேண்டும். அதற்குத்தான் இந்தச் சபை.

எனக்கு வேண்டியதோ வேறு. பிரவீனுக்கு ஒன்பதாம் மாதம் போட வேண்டிய தட்டம்மை ஊசி போடவில்லை. பெரிய மாமா மூக்கன் வேண்டாம் என்று சொல்லி ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த வாரம் குப்பனூரில் என் அக்கா வீட்டுத் தெருவில் இரண்டு குழந்தைகளுக்கு அம்மை வார்த்திருந்தது. தட்டம்மைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மணல்வாரி; வேப்பிலை கட்டினார்கள். ஒன்றுக்கு மூச்சிரைத்து சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குப்பனூரிலிருந்து எங்கள் ஊருக்கு ஆட்கள் வராத நாளில்லை. என் மகனுக்கு ஊசி போட்டாக வேண்டும். இந்த வீட்டில் ஒரு குழந்தையை ஊசிக்குத் தூக்கிப்போக ஜீப் வேண்டும். ஜீப்புக்கு என் கணவர் வேண்டும். என் கணவருக்கு அவர் பெரியப்பாவின் தலையசைப்பு வேண்டும்.

இந்த மூடத்தனத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர் ஐயாக்கண்ணு என்றால் எழுதுவதற்கு வசதியாக இருக்கும். அவர் இல்லை. நான்தான் கொண்டுவந்தேன்.

எங்கள் பக்கம் மனு என்றால் மலர். ஏற்காட்டில் பன்னிரண்டாவது வரை படித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா, இடம், நாள்: கடிதப் பகுதிக்கு எனக்கு எப்போதும் முழு மதிப்பெண். சாதிச் சான்றிதழ், பட்டா, மின்கம்பம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று எதுவானாலும் என்னிடம் வருவார்கள். எழுதி எழுதி நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். ‘மின்கம்பம் சாய்ந்துள்ளது’ என்று எழுதினால் அது விழும்வரை பதில் வராது. ‘மும்முறை தெரிவித்தும் ஊழியர் வந்து பார்க்கவில்லை’ என்று எழுதினால் அடுத்த வாரம் ஏணியோடு ஆள் வந்து நிற்பார். மனுவில் குறை இருந்தால் போதாது, குற்றவாளி இருக்க வேண்டும்.

மோனிஷாவுக்கு மூன்றரை வயதானபோது அவளுக்காக மூன்று மனு எழுதினேன். பேச்சுப் பயிற்சி வேண்டும், அடையாள அட்டை வேண்டும், உதவித்தொகை வேண்டும். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. மூன்றுக்கும் பதில் இல்லை. நான்காவதில் ஒரு வரி சேர்த்தேன்: ‘ஒன்றரை வயதில் செவிலியர் போட்ட தடுப்பூசிக்குப் பிறகே, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த என் மகள் மோனிஷா பேச்சை இழந்தாள்.’

ஒன்பதாம் நாள் ஓர் அலுவலர் வீடு தேடி வந்தார். அட்டை வந்தது. உதவித்தொகை வந்தது. ஏற்காட்டில் வாரம் ஒருநாள் பயிற்சி வந்தது. பவித்ராவுக்கு மெமோ போனது.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த என் மகள். இதைவிட அழகாக நான் எதையும் எழுதியதில்லை. மோனிஷா அதுவரை ஒரு சொல்கூடப் பேசியதில்லை. எட்டாம் மாதம் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. பதினோராம் மாதம் எடை பார்க்க வந்த பவித்ரா நான்கு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, திரும்பவே மாட்டேன் என்கிறாள், சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்றார். நாங்கள் அவரைப் பார்த்த பார்வையை இன்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. விஜயகுமாரே மூன்று வயதில்தான் பேசினான் என்றார் பெரிய மாமா. பெற்றுப் பார்க்காதவளுக்குக் குழந்தையைப் பற்றி என்ன தெரியும் என்றேன் நான். பிறகு இரண்டு வருடம் நாக்கில் தேன் தடவினோம். கிளி கொத்திய கொய்யாவைத் தோட்டம் தோட்டமாகத் தேடிக் கொடுத்தோம். கிளிகள் நன்றாகச் சாப்பிட்டன.

மூன்று வயது தாண்டிச் சேலத்துக்குப் போனபோது டாக்டரம்மா முதலில் கேட்டது, ஏன் இத்தனை நாள் என்று. எதனால் இப்படி என்று நான் கேட்டேன். பல குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று கைகாட்ட முடிவதில்லை, ஊசியால் இல்லை என்பது மட்டும் நிச்சயம், இனியாவது பயிற்சியை விடாதீர்கள் என்றார். காரணம் தெரியாது. அதை எந்த மனுவில் எந்த இடத்தில் எழுதுவது?

இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு பொய் சொன்ன தாய், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பலித்த மனுவை விதைச் சாமை மாதிரி வீடு வீடாக வாங்கிப் போவார்கள். ஏற்காட்டில் ஆசிர் கடையில் ஜெராக்ஸ் எடுத்து, பெயரை மாற்றி, மற்றதை எழுத்து மாறாமல் பார்த்து எழுதி அனுப்புவார்கள். மாற்றினால் பலிக்காதாம். என் நான்காவது மனு பலித்தது என்று தெரிந்ததும் மூன்று பேர் வாங்கிப்போனார்கள். செல்லப்பன் தன் மகனின் மாறுகண்ணுக்காக எழுதினார். இன்னொருவர் பிறவியிலேயே வளைந்திருந்த பாதத்துக்காக. மூன்றாமவர் ஒன்பதாம் வகுப்பில் தோற்ற மகனுக்கு உதவி கேட்டு. மூன்று மனுவிலும், செவிலியர் போட்ட தடுப்பூசிக்குப் பிறகே, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தது. தோற்ற பையன் ஊசிக்காரம்மாவைக் கண்டால் பலாமரத்தில் ஏறிவிடுவான், அவன் உடம்பில் ஊசி பட்டதே இல்லை. அவன் வாயை மூட வைக்க அவன் அம்மா வேண்டாத தெய்வமும் இல்லை.

நான்கு மனுவையும் யாரோ போட்டோ எடுத்துப் போனில் அனுப்ப, அது மலையிறங்கி ஐயாக்கண்ணுவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் முன்பு தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றவர். அதற்கு முன் காந்தப் படுக்கை. இப்போது இயற்கை வாழ்வு. ஒரே மலைக்கிராமத்தில் பேச்சை இழந்த நான்கு குழந்தைகள் என்று வீடியோ போட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் போனில் பார்த்து, அடேயப்பா, நம் ஊரில் இவ்வளவு நடந்திருக்கிறதா என்று பயந்துபோனார்கள். யாரும் தங்களையே எண்ணிப் பார்க்கவில்லை. என் பொய், வெளியூர் போய் மீசை முளைத்து, உண்மையாகத் திரும்பி வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அன்று அவர் முக்கால் மணி நேரம் பேசினார். உடம்புக்குள்ளேயே ஒரு வைத்தியர் இருக்கிறார், அவரை வெளியாட்கள் தொந்தரவு செய்யக்கூடாது என்றார். மலைப்பாதை வளைவுக்கு வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டுதான் இவர் வந்து சேர்ந்தார் என்று என் கணவர் ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார். உள்ளேயிருக்கும் வைத்தியர் அந்த நேரம் லீவில் இருந்திருப்பார். ‘இந்தத் தாயின் கண்ணீர்’ என்று என்னைக் காட்டி மூன்று முறை சொன்னார். நான் அழுது அவர் பார்த்ததில்லை. பிரவீனுக்கு ஊசிக்குப் பதிலாகக் காலையில் ஐந்து சொட்டு, மாலையில் ஐந்து சொட்டு என்று ஒரு பாட்டிலை எடுத்துக் கட்டிலில் வைத்தார். வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பெரிய மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “எழுது கண்ணு. போன தடவ எழுதினாப்பலயே எழுதிரு. நம்மூட்டுக் கொழந்த பேர மொதல்ல போடு.”

“எழுத மாட்டனுங்க, பெரிய மாமா.”

“ஏன், பேனா எழுதலியா?”

“போன தடவ எழுதினது பொய்யிங்க.”

மாமியாரின் கை பலாப்பிசுக்கோடு அப்படியே நின்றது. நான் மோனிஷாவின் தடுப்பூசி அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தேன். அட்டைகளை நான் பத்திரமாகத்தான் வைப்பேன். பதினோராம் மாதப் பக்கத்தில் பவித்ராவின் கையெழுத்தில் இருந்தது: ‘பெயர் அழைத்தால் திரும்பவில்லை. சேலம் செல்ல அறிவுறுத்தப்பட்டது.’ கீழே தேதி. ஒன்றரை வயது ஊசிக்கு ஏழு மாதம் முந்தைய தேதி.

பெரிய மாமா அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு ஐயாக்கண்ணுவிடம் நீட்டினார். ஐயாக்கண்ணு படித்தார். கொஞ்சமும் கலங்கவில்லை. அப்படியானால் ஒன்பதாம் மாத ஊசி வேலையைக் காட்டியிருக்கிறது என்றார். எட்டாம் மாதமே முகம் பார்க்கவில்லை என்றேன். அதற்கு முன் மூன்றரை மாதத்தில் ஒன்று உண்டே என்றார். அவள் ஒரு மாதத்திலும் விளக்கைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை என்றேன். கர்ப்பத்தில் உங்களுக்குப் போட்டார்கள் அல்லவா என்றார். அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். விட்டிருந்தால் என் அம்மாவுக்குப் போட்ட ஊசிவரை போயிருப்பார்.

“தாய் மனசுங்க, கொழப்பத்துல இருக்காங்க” என்றார் என் கணவரிடம். என்னிடம் அல்ல.

பெரிய மாமாவுக்கு அட்டையும் தேதியும் தேவைப்படவில்லை. “பொய்யா இருந்தா என்ன சாமி? காரியம் ஆச்சுல்ல. மொத மூணு தடவ நெசந்தான எழுதின? எவன் வந்தான்?”

இந்தக் கூட்டத்தில் அன்று சொல்லப்பட்டவற்றில் அது ஒன்றுதான் உண்மை. அதைச் சொன்னவர் அதை வைத்துக்கொண்டு அடுத்த பொய்யைக் கேட்டார் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

மாமனாருக்குக் கவலை வேறு. பொய் என்று எழுதிக் கொடுத்தால் பாப்பாவின் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் அப்போது பயந்திருந்தேன். அந்தப் பயம் ஒரு வாரமாகவே இருந்தது. பொய் மனுவுக்கு வழக்குப் போடலாம், மாதாமாதம் வருவது நிற்கலாம், பயிற்சி நிற்கலாம். அவள் இப்போதுதான் தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடத்தருகே கூட்டிப்போகிறாள்.

மாமியார் அடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார், “அந்த நர்ஸுப் புள்ள மறுபடி சொல்ல வந்தப்ப நாந்தான் வாசல்லயே நிக்க வெச்சுத் திருப்பி அனுப்புனேன்.” அதன் பிறகு சுளையை உரிக்கத் தொடங்கிவிட்டார்.

என் கணவர் வாசற்படியிலிருந்து கேட்டார், “அப்ப பாப்பாவுக்கு எதனால மலரு?”

“தெரியலீங்க. டாக்டருக்கும் தெரியல.”

“தெரியலன்னா எப்படி?”

“தெரியலன்னா தெரியலதானுங்க. அதுக்காவ இவனுக்கு மணல்வாரி வரோணுமா?”

அவர் எழுந்து போய் ஜீப்பின் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். முடிவெடுக்க வேண்டிய நேரங்களில் அவர் கண்ணாடி துடைப்பார். ஏற்காட்டு மலையில் எங்கள் ஜீப்பின் கண்ணாடி மாதிரி சுத்தமான கண்ணாடி கிடையாது.

அவள் எழுதாவிட்டால் போகிறாள், பழையது இருக்கிறதே என்றார் பெரிய மாமா. செல்லப்பன் ஓடிப்போய் ஜெராக்ஸைக் கொண்டுவந்தார். ஒன்பதாம் வகுப்பில் தோற்றவன்தான் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று உட்காரவைக்கப்பட்டான். வழக்கம்போல எழுத்து மாறாமல் எழுதினான். அனுப்புநர் இடத்தில் பதின்மூன்று பெயர். ஆறாவது வரியில் அப்படியே, ‘நன்றாகப் பேசிக்கொண்டிருந்த என் மகள் மோனிஷா’. பதின்மூன்று பேரும் அதன் கீழே கையெழுத்தும் கைரேகையும் வைத்தார்கள். பதின்மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே மகள். பிரவீனுக்குப் பால் கலக்கப் போகும்போது அதைப் பார்த்தேன். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் கை துறுதுறுக்கிறவள் நான். கடந்து போய்ப் பாலைக் கலக்கினேன். ஐயாக்கண்ணு ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, அருமை என்றார்.

ஆறு மணிக்கு எல்லாரும் போன பிறகு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் பவித்ராவுக்குப் போன் செய்தேன். இரண்டு வருடமாக அவர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு போவார். என் பெயரைச் சொன்னேன்.

“சொல்லுங்க. இப்ப யாருக்குப் பேச்சு போச்சு?”

பிரவீனுக்கு ஊசி போட வேண்டும், அங்கன்வாடியில் ஊசி போடும் புதன்கிழமை வரை பொறுக்க முடியாது என்றேன். குப்பனூர்க் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. நாளைக்கு ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. ஒன்பது மணிக்குள் வந்தால் போடலாம், அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க நான் தயாரித்து வைத்திருந்த இரண்டு வாக்கியமும் வாயிலேயே நின்றன.

விடிந்ததும் அடுப்பு பற்றவைப்பதற்கு முன் எழுத உட்கார்ந்தேன். பெறுநர் இடத்தில் கலெக்டர்; பொருள் என்ற இடத்தில், ‘பொய்யான தகவலுடன் நான் அளித்த மனுவைத் திரும்பப் பெறுவது தொடர்பாக’ என்று எழுதினேன். பிறகு:

‘மேற்படி மனுவில், தடுப்பூசிக்குப் பிறகு என் மகள் பேச்சை இழந்தாள் என்று எழுதியது உண்மை அல்ல. அவள் அதற்கு முன்பும் பேசியதில்லை. இந்தக் குறையை முதலில் கண்டுபிடித்தவர் செவிலியர் பவித்ரா. அவர் சொன்னதைக் கேட்காமல் இரண்டு ஆண்டு தாமதித்தவர்கள் நாங்கள். குறைக்குக் காரணம் என்ன என்று எனக்குத் தெரியாது. அவர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை நீக்கும்படியும், இந்தக் கடிதத்தின் நகலை அவருடைய கோப்பில் வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். என் மனுவைப் பார்த்து எழுதப்பட்ட மற்ற மூன்று மனுக்களிலும், இன்று தங்களிடம் வரக்கூடிய பதின்மூன்று பேர் மனுவிலும் உள்ள அதே வரி என்னுடையது. எழுதியவர்களுக்கு அதன் பொருள் தெரியாது. அடையாள அட்டை என் மகளின் நிலையைப் பார்த்து வழங்கப்பட்டது. பொய் சொன்னதற்கு நடவடிக்கை உண்டு என்றால் அது என்மீது இருக்கட்டும்.’

குற்றவாளியின் பெயரையும் முழு முகவரியையும் அனுப்புநர் இடத்திலேயே எழுதியிருந்தேன். கையாலேயே இரண்டு நகல் எழுதினேன். கவரை ஒட்டவில்லை, மோனிஷாவின் தடுப்பூசி அட்டையின் ஜெராக்ஸை உள்ளே வைக்க வேண்டியிருந்தது.

ஏழரை மணிக்கு ஜீப் நிரம்பிவிட்டது. பின்னால் பன்னிரண்டு பேர். முன்சீட்டில் பெரிய மாமா, மடியில் மனு, அதன்மேல் வெற்றிலைப் பை. நான் மோனிஷாவை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பிரவீனைத் தூக்கிக்கொண்டு ஜீப்பருகே போய் நின்றேன். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவேன் என்று பயந்திருப்பார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். கண்ணாடியை முந்தின நாளே துடைத்து முடித்திருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

“பெரியப்பா, நீங்க பின்னால போயி உக்காருங்க. கொழந்த முன்னால வரட்டும்.”

அவர் பெரியப்பாவிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய மாமாவும் கேட்டதில்லை என்பது அவர் இறங்கிய வேகத்தில் தெரிந்தது. செல்லப்பனுக்கும் ஸ்டெப்னி டயருக்கும் இடையில் அவருக்கு இடம் கிடைத்தது.

ஏற்காட்டில் ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்றது. பத்து நிமிஷம் என்று என் கணவர் பின்னால் திரும்பிச் சொன்னார். ஊசிக்கு எதிரான மனுவோடு பதின்மூன்று பேர், என் மகன் ஊசி போட்டு வரும்வரை காத்திருந்தார்கள். காத்திருக்காமல் என்ன செய்வார்கள், சேலத்துக்கு நடந்தா போவார்கள்? டீ குடிக்க இறங்கினார்கள்.

பவித்ரா என்னைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தார், தேதி எழுதினார், பிரவீனின் கையைப் பிடித்தார். அவன் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அழுதான். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும், காய்ச்சல் வந்தால் இந்த மருந்து என்றார். கடிதம் எழுதிவிட்டேன் என்று சொன்னேன்.

“அந்த மெமோவுக்கு நானும் பதில் எழுதி ரெண்டு வருஷமாச்சுங்க. நீங்க எழுதுங்க. உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே.”

பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் செல்லப்பனின் மூத்த மகனுடைய மனைவி கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். மனுவில் ஐந்தாவது கையெழுத்து அவளுடையது. இவனுக்கும் போன மாதமே போட்டிருக்க வேண்டும் என்று பவித்ராவிடம் மெல்லச் சொன்னாள். அட்டை எங்கே என்று பவித்ரா கேட்டார். இருந்தது, மனுவோடு இணைப்பதற்காக எடுத்து வந்திருந்தாள். ஊசி போட்டு அரைமணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, ஊசி வேண்டாம் என்று மனுக் கொடுக்க ஜீப்பில் போய் ஏறிக்கொண்டாள். தட்டம்மையும் வரக்கூடாது, மூக்கன் மனமும் கோணக்கூடாது. அவளைக் கேலி செய்ய எனக்கு வாய் ஊறியது. ஆனால் நான் அவள் வயதில் அவ்வளவுகூடச் செய்யவில்லை.

ஜீப் அடிவாரம் நோக்கி இறங்கிப் போயிற்று. திரும்பும்போது கூட்டிப்போவதாக என் கணவர் சொல்லியிருந்தார். ஆசிர் கடையில் அட்டையை ஜெராக்ஸ் எடுத்தேன். பிரவீன் தோளில் தூங்கிவிட்டான். ஊசி போட்ட கை என் கழுத்தில் சூடாக இருந்தது.

தபால் ஆபீசில் கூட்டமில்லை. கடிதத்தைக் கடைசியாக ஒருமுறை படித்தேன். ‘நடவடிக்கை உண்டு என்றால் அது என்மீது இருக்கட்டும்’ என்ற வரியில் சற்று நின்றேன். அதை எடுத்துவிட்டாலும் கடிதம் கடிதமாகத்தான் இருக்கும். கையில் பேனா இருந்தது. எடுக்கவில்லை. மூன்றாக மடித்து, ஜெராக்ஸோடு கவரில் வைத்தேன். பசைப் புட்டியில் குச்சி ஒட்டிக்கொண்டு வரவில்லை; ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இழுத்து எடுத்து, மடிப்பு முழுக்கத் தடவி, கட்டைவிரலால் ஓரம் முதல் ஓரம் வரை அழுத்தினேன்.

ஸ்பீட் போஸ்ட் என்று நீட்டினேன். கவுன்டரில் இருந்தவர் எடை பார்த்தார், முகவரியைத் தட்டினார், அனுப்புநர் போன் நம்பர் கேட்டார். சொன்னேன். ஸ்டிக்கரைக் கிழித்துக் கவரில் ஒட்டி, பின்னால் திறந்திருந்த சாக்குப் பைக்குள் பார்க்காமலே போட்டார்.